பாம்-பாமைக் கீழே வைத்த பிறகு

அமெரிக்கக் கால்பந்து அணியான டல்லஸ் கௌபாய்ஸுக்காகக் கையில் 'பாம்-பாம்' குஞ்சங்களோடு ஆடும் சியர்லீடர்களைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார்: "இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே இந்தப் பெண்கள் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்களே, அதற்கப்புறம் என்ன செய்வார்கள்? சினிமா, மாடலிங் என்று போய்விடுவார்களா? இல்லை, கல்யாணம் செய்துகொண்டு வீட்டோடு இருந்துவிடுவார்களா?"

நான் டெக்சாஸில் பதினாறு வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்கள் வார்டில் என்னோடு ஆறு வருடம் இருந்த ஒரு பெண், ஒரு தொழில்முறை அணிக்கு நான்கு சீசன் ஆடியவர். நர்ஸிங் படிக்கும்போது ஆடத் தொடங்கியவர், எங்களோடு வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமும் ஆடிக்கொண்டுதான் இருந்தார். அவரால்தான் எனக்கு இந்த உலகம் தெரிய வந்தது. அப்புறம் அவருடைய தோழிகள், அவர்கள் சொன்ன கதைகள், நானாகத் தேடிப் படித்தவை என்று பல வருடம் ஓடிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், ஆடுகிற காலத்தில் அதுதான் அவர்களுடைய பிழைப்பு, அது போனதும் வேறு பிழைப்பு தேட வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மைதானத்தில் பந்தோடு ஓடுகிற வீரர்களுக்கு அது சரி. ஓரத்தில் ஆடுகிற பெண்களுக்கு அப்படி இல்லை. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் அணிகளில் சியர்லீடர் வேலை பகுதிநேர வேலை. ஒப்பந்தம் ஒரே ஒரு சீசனுக்கு. நான்கு வருடம் ஆடியவரானாலும் அடுத்த வருடம் புதுப் பெண்களோடு வரிசையில் நின்று மறுபடி ஆடிஷன் கொடுக்க வேண்டும். சொந்த மைதானத்தில் ஒரு சீசனுக்கு எட்டோ ஒன்பதோ லீக் ஆட்டங்கள்தான். பல அணிகளில் சேரும்போதே ஒரு நிபந்தனையும் இருக்கும்: முழுநேர வேலை இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் குடும்பத்தைக் கவனித்துக்கொள்பவராக இருக்க வேண்டும். ரிகர்சல்கள் மாலையிலும் இரவிலும் நடப்பதற்குக் காரணமே அதுதான். பகலில் எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது.

நீங்கள் பார்த்த தொடரின் முதல் பாகத்தில் வந்த கெல்சி வெட்டர்பெர்க்கை நினைத்துப் பாருங்கள். அவர் குழந்தைகளைக் கவனிக்கும் நர்ஸ். ஆடும்போதும் நர்ஸ், விட்ட பிறகும் நர்ஸ். எங்கள் வார்டுப் பெண்ணும் அப்படித்தான். அவருடைய கார் டிக்கியில் எப்போதும் ஆட்ட ஷூ, முடி சுருட்டுகிற கருவி, ஒரு டப்பாவில் வேகவைத்த கோழிக்கறி. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டை முடித்துவிட்டு யாராவது நேராக நடனமாடப் போவார்களா என்று எங்களுக்கு மலைப்பாக இருக்கும். ரிகர்சல் இருக்கும் நாட்களுக்காக அவர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டது போக, மற்ற விடுமுறை நாட்களில் எங்களுக்கெல்லாம் ஷிஃப்ட் பார்த்துக் கடன் தீர்ப்பார். ஆக, ஆட்டத்தை விட்ட அன்று அவர் வேலை இழக்கவில்லை. இரண்டு வேலைகளில் ஒன்றை விட்டார்.

நம் ஊரில் பலருக்கு இது புரியாமல் போவதற்குக் காரணம், சியர்லீடர் என்ற சொல்லே நமக்கு ஐபிஎல் வழியாக வந்ததுதான். 2008இல் முதல் ஐபிஎல் தொடங்கியபோது பெங்களூர் அணிக்காக வாஷிங்டன் அணியின் சியர்லீடர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து ஆடினார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் வெளிநாட்டு நடனக் கலைஞர்களை சில வாரங்களுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்து அழைத்து வந்தார்கள். 2011இல் புனே அணி மட்டும் வேறு மாதிரி யோசித்து, இந்திய நடனங்களை ஆடும் பெண்களைக் கொண்டுவந்தது. இவர்களெல்லாம் ஊர் ஊராகப் போய் ஆடிச் சம்பாதிக்கும் தொழில்முறைக் கலைஞர்கள். அமெரிக்காவில் ஒரு நகரத்தின் அணிக்கு ஆடும் பெண் பெரும்பாலும் அந்த வட்டாரத்திலேயே குடியிருப்பவர், அங்கேயே வேலை பார்ப்பவர். ஞாயிறு ஸ்டேடியத்தில் ஆடியவரைத் திங்கள்கிழமை நீங்கள் பல் மருத்துவரின் கிளினிக்கிலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ பார்க்கலாம்.

சரி, எதற்காக இரண்டு வேலை? பணம்தான். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பெண்களின் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

டல்லஸ் குழு இன்று நாம் பார்க்கும் நீல வெள்ளை உடையோடு மைதானத்தில் இறங்கியது 1972இல். எழுபதுகளின் கடைசியில் அவர்களுடைய போஸ்டர் அமெரிக்கா முழுவதும் விற்றது, தொலைக்காட்சிப் படம் வந்தது, 1979இலிருந்து வெளிநாட்டில் இருக்கும் ராணுவ முகாம்களுக்குப் போய் ஆடினார்கள். அந்தப் புகழின் உச்சத்தில் ஓர் ஆட்டத்துக்கு அவர்களுக்குக் கிடைத்தது 15 டாலர். வரி போக அதிலும் கொஞ்சம் குறையும்.

முப்பத்தைந்து வருடம் கழித்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2014 ஜனவரியில் ஓக்லாண்ட் ரைடர்ஸ் அணியின் சியர்லீடர் ஒருவர் வழக்குப் போட்டார். ஒரு சீசன் முழுவதற்கும் 1,250 டாலர், அதுவும் சீசன் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். ரிகர்சல், விழாக்கள், படப்பிடிப்பு என்று செலவழிக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் மணிக்கு ஐந்து டாலர்கூடத் தேறவில்லை. முடி அலங்காரம், பயணம் எல்லாம் சொந்தச் செலவு. அந்த வழக்கு அதே வருடம் 12.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. பஃபலோ பில்ஸ் அணியின் 'ஜில்ஸ்' குழுவில் ஆட்டத்துக்கும் ரிகர்சலுக்கும் சம்பளமே இல்லை. அங்கே 2014 ஏப்ரலில் ஐந்து பெண்கள் வழக்குப் போட்டதும் குழுவையே நிறுத்திவிட்டார்கள். இன்றுவரை பஃபலோவில் சியர்லீடர்கள் கிடையாது. 2018இல் டல்லஸ் குழுவில் ஆடிய எரிக்கா வில்கின்ஸ் போட்ட வழக்கில் சொன்ன ஒரு விவரம் என் மனதை விட்டுப் போகவே இல்லை: அவருக்கு மணிக்கு 8 டாலர், அதே மைதானத்தில் பொம்மை வேடம் போட்டு ஆடுபவருக்கு ஆண்டுக்குச் சுமார் 65,000 டாலர். அடுத்த வருடம் அதுவும் சமரசத்தில் முடிந்தது.

கலிஃபோர்னியாவில் 2015இல் ஒரு சட்டமே வந்தது. தொழில்முறை அணிகள் சியர்லீடர்களை ஊழியர்களாகத்தான் நடத்த வேண்டும், குறைந்தபட்சக் கூலி, அதிக நேரத்துக்கான கூலி எல்லாம் தர வேண்டும் என்று. அந்த மசோதாவைக் கொண்டுவந்த லொரேனா கோன்சாலஸ், ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது சியர்லீடராக இருந்தவர். கல்லூரி மைதானத்தில் ஆடிய ஒரு பெண் சட்டமன்றத்துக்குப் போய், தனக்குப் பின்னால் வந்தவர்களுக்காக இதைச் செய்தார் என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

இத்தனை வருடமும் அணி நிர்வாகங்கள் இந்தக் குறைந்த கூலிக்கு ஒரு சமாதானம் சொல்லிவந்தன. "இது வேலை இல்லை, இது ஒரு வாய்ப்பு. இங்கே ஆடினால் வெளியே எத்தனையோ கதவுகள் திறக்கும்" என்று. அதற்குச் சான்றாக டாக்டரானவர்கள், வக்கீலானவர்கள், நடிகையானவர்கள் பட்டியலைக் காட்டுவார்கள். அந்தப் பட்டியல் பொய் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவர்களைப் பார்த்த பிறகு நான் அதைத் திருப்பித்தான் படிக்கிறேன். இவர்கள் இத்தனை வகையான துறைகளில் இருப்பதற்கு முதல் காரணம், ஆட்டம் அவர்களுக்குச் சோறு போடவில்லை என்பதே. படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு ஆட முடியாது என்பதால் எதையும் விடவில்லை. கதவை அவர்களே திறந்துகொண்டார்கள். அணிகள் அந்தப் பெருமையைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டன.

இனி, யார் எங்கே போனார்கள் என்பதைப் பார்க்கலாம்.

பெரும்பாலானவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. நான் நேரில் பார்த்தவர்களிலேயே இரண்டு நர்ஸ்கள், ஒரு பள்ளி ஆசிரியை, வீடு விற்றுத் தரும் ஏஜெண்ட், கணக்காளர், சொந்தமாக நடனப் பள்ளி நடத்தும் இருவர் இருக்கிறார்கள். நடனப் பள்ளி மிகவும் இயல்பான பாதை. மூன்று வயதிலிருந்து பாலே, ஜாஸ், டேப் என்று கற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள் என்பதால், திரும்பிப் போய்க் கற்றுக்கொடுக்கிறார்கள். நமக்குத் தெரிந்த நாட்டியப் பள்ளி டீச்சர்களைப் போலத்தான் அவர்களும்: சாயங்காலம் நான்கிலிருந்து ஒன்பது வரை வகுப்பு, வருடத்துக்கு ஒரு பெரிய மேடை நிகழ்ச்சி, அதற்கு முந்தைய மாதம் தூக்கம் கிடையாது.

விற்பனைத் துறையும் இவர்களை விரும்பி எடுக்கும். மருந்து கம்பெனிகள் கல்லூரிச் சியர்லீடர்களைத் தேடிப் பிடித்து மருத்துவப் பிரதிநிதிகளாக வேலைக்குச் சேர்க்கின்றன என்று 2005 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாக எழுதினார்கள். அழகைக் காட்டி மருந்து விற்கிறார்கள் என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடிக்கவில்லை. பத்து வீட்டுக் கதவு மூடினாலும் பதினோராவது கதவைச் சிரித்த முகத்தோடு தட்டுவது, பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வது, நேரம் தவறாமல் போய் நிற்பது, இதெல்லாம் வருடக்கணக்கில் பழகியது. எங்கள் வார்டில் கோபத்தோடு கத்துகிற நோயாளியின் உறவினரிடம் அந்தப் பெண்ணைத்தான் அனுப்புவோம். அவர் போய் இரண்டு நிமிடம் பேசினால் ஆள் உட்கார்ந்துவிடுவார்.

அறிவியல் பக்கம் போனவர்களின் கதையை நான் எல்லோரிடமும் சொல்வேன். டார்லீன் கவலியர் என்பவர் பிலடெல்ஃபியா கூடைப்பந்து அணிக்கு ஆடியவர். பின்னால் ஓர் அறிவியல் பத்திரிகையில் வேலை பார்த்து, அதிலேயே ஆர்வம் ஊறி, 'சயன்ஸ் சியர்லீடர்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். என்எஃப்எல் அணிகளிலும் கூடைப்பந்து லீக்கான என்பிஏ அணிகளிலும் ஆடுகிற, ஆடி முடித்த பெண்களில் விஞ்ஞானிகளாகவும் பொறியாளர்களாகவும் இருப்பவர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். பள்ளிகளுக்கும் விழாக்களுக்கும் போய்ச் சிறுமிகளோடு ஆடுகிறார்கள், கூடவே தங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். விஞ்ஞானி இல்லாத சாதாரண மக்களும் ஆராய்ச்சியில் பங்கெடுக்க வழிசெய்யும் 'சைஸ்டார்ட்டர்' என்ற இணையதளத்தையும் டார்லீன்தான் தொடங்கினார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருக்கிறார். அந்தக் குழுவில் ஒருவர் டால்மீஷா ரிச்சர்ட்ஸ். பால்டிமோர், வாஷிங்டன் அணிகளுக்கு ஆடியவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செல், மூலக்கூறு மருத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஒரு பத்து வயதுச் சிறுமி இவரைப் பார்த்தால் 'ஆடுகிற பெண் வேறு, படிக்கிற பெண் வேறு' என்ற பேச்சை அப்புறம் நம்பவே மாட்டாள்.

ரேச்சல் வாஷ்பர்ன் இன்னொரு திசையில் போனவர். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு மூன்று வருடம் ஆடினார், அதே சமயம் கல்லூரியில் ராணுவப் பயிற்சியும் எடுத்துக்கொண்டார். பிறகு ராணுவ அதிகாரியாக இரண்டு முறை ஆப்கானிஸ்தானுக்குப் போனார். ஆண் வீரர்கள் போய்ப் பேச முடியாத அந்த ஊர்ப் பெண்களிடம் பேசுவதற்காகச் சிறப்புப் படைகளோடு அனுப்பப்பட்ட பெண்கள் குழுவில் இருந்தார். வெண்கல நட்சத்திரப் பதக்கம் வாங்கினார். 2013 டிசம்பரில் ஈகிள்ஸ் ஆட்டத்தின் நடுவே அவரை அழைத்துக் கௌரவித்தார்கள். தான் ஆடிய அதே மைதானத்தில், இந்த முறை ராணுவ அதிகாரியாக நின்றார்.

நீங்கள் கேட்ட சினிமா, டிவி பக்கமும் சிலர் போயிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எண்ணிக்கை கை விரலில் அடங்கும் அளவுதான். லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் 'லேக்கர் கேர்ள்ஸ்' குழுவில் 1980இல் சேர்ந்த பவுலா அப்துல், சீக்கிரமே அந்தக் குழுவின் நடன இயக்குநரானார். ஆட்டம் பார்க்க வந்த ஜாக்சன் சகோதரர்கள் அவருடைய வேலையைப் பார்த்துத் தங்கள் வீடியோவுக்கு அழைத்தார்கள். அதிலிருந்து பாடகி ஜேனட் ஜாக்சனின் வீடியோக்கள், அப்புறம் சொந்தப் பாடல் தொகுப்பு, 2002இலிருந்து 'அமெரிக்கன் ஐடல்' பாட்டுப் போட்டியின் நடுவர் என்று போனது. நடிகை டெரி ஹாட்சர் 1984இல் சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணிக்கு ஆடியவர். இவர்களைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், விடுங்கள்.

எனக்குப் பிடித்தவர் ஃபிலிஸ் ஸ்மித். 'தி ஆஃபீஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் ஒரு மேசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஃபிலிஸ் நினைவிருக்கிறதா? அவர் எழுபதுகளில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கால்பந்து அணியின் சியர்லீடர். நடனம்தான் அவருடைய கனவு. முழங்காலில் அடிபட்டதும் அந்தக் கனவு முடிந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நடிகர்களைத் தேர்வு செய்யும் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தார். ஆடிஷனுக்கு வருகிறவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து மற்ற பாத்திரங்களின் வசனத்தை வாசிப்பது அவர் வேலை. அப்படி 'தி ஆஃபீஸ்' ஆடிஷனில் அவர் வாசிப்பதைக் கேட்ட இயக்குநர், இவரையே நடிக்க வைத்துவிட்டார். 2005இல் தொடர் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. ஆட்டம் நின்றதற்கும் இந்தப் புகழுக்கும் நடுவே எத்தனை வருடங்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நடு வருடங்களைத்தான் யாரும் கேட்பதில்லை. ஓர் அலுவலகத்துக்குத் தினமும் போய் வந்து, வேறு யாருக்கோ வாய்ப்பு கிடைப்பதைப் பார்த்துக்கொண்டு, தன் வேலையை நன்றாகச் செய்த வருடங்கள். ஆட்டத்தை விட்ட பெண்களில் நிறையப் பேருடைய வாழ்க்கை அந்த நடு வருடங்களைப் போலத்தான் இருக்கிறது. அதில் குறைவு எதுவும் இல்லை.

பத்திரிகைத் துறையில் லிசா கெரெரோ இருக்கிறார். லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸ் அணிக்கு ஆடியவர், பிறகு விளையாட்டுச் செய்தியாளர். 2003இல் திங்கள் இரவுக் கால்பந்து ஒளிபரப்பில் மைதான ஓரத்திலிருந்து பேசும் பெரிய வாய்ப்பு கிடைத்தது. ஒரே சீசனில் பத்திரிகைகளும் ரசிகர்களும் அவரைக் கடுமையாக விமர்சித்து வெளியேற வைத்துவிட்டார்கள். 'சியர்லீடர்தானே, இவளுக்கு என்ன கால்பந்து தெரியும்' என்ற தொனி அந்த விமர்சனங்களில் இருந்தது. அவர் ஓய்ந்துவிடவில்லை. 2006இல் 'இன்சைட் எடிஷன்' நிகழ்ச்சிக்குப் போய், மோசடிக்காரர்களை மைக்கோடு துரத்திப் பிடித்துக் கேள்வி கேட்கும் புலனாய்வுச் செய்தியாளராகப் பெயர் வாங்கினார்.

அந்தத் தொனி எல்லோரையும் துரத்துகிறது. எங்கள் வார்டுப் பெண் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்தபோது முதலில் சியர்லீடர் அனுபவத்தையும் எழுதியிருந்தாராம். ஒரு நேர்காணலில் அரை மணி நேரமும் வீரர்களைப் பற்றியும் உடையைப் பற்றியுமே கேட்டுவிட்டு, நர்ஸிங் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள். அன்றே அந்த வரியை எடுத்துவிட்டார். அத்தனையும் வருடக்கணக்கான உழைப்பு. எங்களோடு சேர்ந்த புதிதில் எங்களிடம்கூடச் சொல்லவில்லை. அவர் இதைச் சொன்ன அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கல்லூரியில் கூடைப்பந்து ஆடினேன் என்று ஓர் ஆண் எழுதினால் 'குழுவாக வேலை செய்யத் தெரிந்தவர்' என்று மதிப்பெண் போடுகிறார்கள். முப்பத்தாறு பேர் ஒரே நொடியில் ஒரே உயரத்துக்குக் காலைத் தூக்கும் குழுவில் இருந்த பெண் அதை மறைக்க வேண்டியிருக்கிறது.

அந்த உலகத்துக்குள்ளேயே மேலே போனவர்களும் உண்டு. டல்லஸ் குழுவின் இயக்குநர் கெல்லி ஃபின்கிளாஸ் 1984 முதல் 1989 வரை அங்கே ஆடியவர், 1991இல் இயக்குநரானார். நடன இயக்குநர் ஜூடி டிராமெல் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆடியவர். இரண்டு பேரும் முப்பது வருடத்துக்கும் மேலாக அதே வேலையில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு குழுவில் முப்பத்தாறு பேர் ஆடலாம், இயக்குநர் நாற்காலி ஒன்றுதான். அந்தப் பாதையை நம்பி யாரும் இறங்க முடியாது.

எல்லோரும் இருபதுகளில் தொடங்கி இருபதுகளில் முடிப்பதும் இல்லை. லாரா விக்மானிஸ் 2009இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 40. மணமுறிவுக்குப் பிறகு இரண்டு மகள்களைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தவர், மருத்துவமனையில் உணவியல் நிபுணர். முந்தைய வருடம் தேர்வாகவில்லை, அடுத்த வருடமும் போய் நின்று இடம் வாங்கிவிட்டார். குழந்தை, வேலை, வீட்டுக் கடன் எல்லாம் வந்த பிறகு அவர் ஆடத் தொடங்கினார்.

இனி, அவ்வளவாக யாரும் பேசாத பகுதி. விட்ட பிறகு கஷ்டமாக இருப்பது வேலை கிடைப்பது இல்லை. முதலில் உடம்பு. காலைத் தலைக்கு மேலே வீசி, குதித்துக் கால் விரித்தபடியே தரையில் விழுகிற அந்த அசைவை வருடத்துக்கு எத்தனை நூறு முறை செய்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இடுப்பு மூட்டு, முழங்கால், கீழ்முதுகு, கழுத்து எல்லாம் அதன் விலையைக் கொடுக்கும். முப்பது வயதுக்குள் இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரை எனக்கே தெரியும். பகுதிநேர ஊழியர் என்பதால் விட்ட பிறகு வரும் வலிக்கு அணி பொறுப்பேற்பதில்லை. அந்த மருத்துவச் செலவுக்கு அவர்களுடைய 'மற்ற வேலை'யின் காப்பீடுதான் கை கொடுக்கிறது. ஒரு நர்ஸாக எனக்கு இது மிகவும் உறுத்துகிற விஷயம்.

அடுத்தது சாப்பாடு. எடையை ஓயாமல் கண்காணித்த வருடங்களுக்குப் பிறகு, பசித்தால் சாப்பிடலாம் என்பதை மறுபடி பழக வேண்டியிருக்கிறது. 2014இல் நடந்த வழக்குகளில் குழுக்களின் விதிப் புத்தகங்கள் வெளியே வந்தன. இத்தனை பவுண்டுக்குள் இருக்க வேண்டும், உணவு மேசையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், உடம்பை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட எழுதியிருந்தார்கள். ஆட்டத்தை விட்ட முதல் வருடத்தில் ஒரு துண்டு கேக்கை நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை என்று எங்கள் வார்டுப் பெண் என்னிடம் சொன்னபோது, நான் என் பெட்டியிலிருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பாதி எடுத்து வைத்தேன். அதற்கப்புறம் அது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது.

அப்புறம், அந்தத் தோழிகள். நள்ளிரவு வரை சேர்ந்து வியர்த்தவர்கள், ஒருவருக்கொருவர் முடி பின்னிவிட்டவர்கள், ஆடிஷனில் பெயர் வராமல் போனவளைக் காரில் உட்கார்த்தி அழவிட்டவர்கள். சீசன் முடிந்து ஒப்பந்தம் முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து பெயர் போய்விடும், ஸ்டேடியத்துக்குள் போகும் அடையாள அட்டை போய்விடும். முதல் ஞாயிற்றுக்கிழமைதான் மிகவும் மோசம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். டிவியில் அதே பாட்டு, அதே அசைவு, தன் இடத்தில் வேறு ஒருத்தி. உட்கார்ந்து பார்க்க முடியாமல் கடைக்குப் போய்விட்டேன் என்றார் ஒருவர். இதனால்தான் பழைய சியர்லீடர் சங்கங்கள் அவ்வளவு பலமாக இருக்கின்றன. பல அணிகளில் பழைய பெண்களை ஒரு நாள் மைதானத்துக்கு அழைத்து ஆடவிடுவார்கள். அறுபது வயதுப் பாட்டிகளும் முந்தைய வருடம் விட்டவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். சிலருடைய மகள்களும் பின்னால் அதே குழுவுக்கு வருகிறார்கள். அந்தத் தொடரில் வந்த விக்டோரியா கலினாவின் அம்மா டினா, எண்பதுகளில் டல்லஸ் குழுவில் இருந்தவர். ஜூடி டிராமெலின் மகளும் ஆடியிருக்கிறார்.

கல்யாணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். செய்துகொள்கிறார்கள், செய்துகொள்ளாமலும் இருக்கிறார்கள், ஆடும்போதே கல்யாணமாகி இருப்பவர்களும் உண்டு. வீட்டில் இருந்து பிள்ளை வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இதில் சியர்லீடர் என்பதால் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை.

உங்கள் கேள்விக்கான பதில் இனிமேல் கொஞ்சம் மாறலாம். 2025இல் வந்த இரண்டாம் பாகத்தில் டல்லஸ் பெண்கள் சம்பள உயர்வுக்காகக் கூடிப் பேசியதைப் பார்த்திருப்பீர்கள். கடைசியில் நானூறு சதவீத உயர்வு கிடைத்தது. ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண் ஆட்டத்தை மட்டும் வைத்து வீட்டு வாடகை கட்டலாமா என்று இப்போதுதான் முதன்முறையாகக் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது. அப்படி ஆடுகிறவர்கள் விடும்போது, நீங்கள் கேட்ட 'அதற்கப்புறம் என்ன' என்ற கேள்வி அவர்களுக்கு நிஜமாகவே வரும். வீரர்களுக்கு வருவதைப் போல.

அந்தப் பேச்சுவார்த்தையில் முன்னால் நின்ற ஜேடா மெக்லீன், ஐந்து வருடம் ஆடிவிட்டு அந்த உயர்வு நடைமுறைக்கு வரும் நேரத்தில் விலகிவிட்டார். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வார்டுப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவர் இப்போது வேறு ஊரில், பிரசவ வார்டில் இருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது. நல்ல செய்தி என்று எழுதியிருந்தார். ஒரு வரி விட்டு, இப்போதுள்ள கூலியில் தன் நான்கு சீசனையும் கணக்குப் போட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்றும் எழுதியிருந்தார். நர்ஸிங் படிப்புக்கு வாங்கிய கடன் முழுவதும் அடைந்திருக்கும்.